தொட்டி மாற்றும் நாள்

ஆர்க்கிட் செடிக்கு மண் வேண்டாம் என்கிற விஷயமே எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். மரப்பட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போதும், வேரைக் காற்றில் தொங்கவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்று என் வீட்டுக்காரி சொன்னபோது, அப்படியானால் அது செடியே இல்லை, ஏமாற்று வேலை என்றேன். அவள் சிரித்தாள். அப்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

உட்காருங்கள், மருந்துக்கடைக்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். கையில் இருக்கிற தொட்டியை மேசைமேல் வையுங்கள். அவள் உள்ளே தூங்குகிறாள், மெதுவாகவே பேசலாம்.

தொட்டி மாற்றும் நாளுக்கு நீங்கள் கொடுத்த ஸ்பிரிட் பாட்டில், மூடி உடைக்காமல் அப்படியே ஆர்க்கிட் சங்கத்து அலமாரியில் இருக்கிறதே, எப்படி என்று கேட்டீர்கள். பதில் சொல்கிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. படிப்பு குறைவு, காலமெல்லாம் வெல்டிங் பட்டறையில் நின்றவன். ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் உங்களுக்கு என் பக்கம் புரியும்.

அவளுக்கு மறதி வந்தது உங்களுக்குத் தெரியும். அடுப்பை அணைக்க மறந்தாள். தெருமுனையில் நின்று வீடு எந்தப் பக்கம் என்று கேட்டாள். தங்கையை மறந்தாள், செத்துப்போன அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். பிறகு என் முறை வந்தது. ஒருநாள் காலை நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, "உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுக்குறேன். நீங்க எப்ப கிளம்புவீங்க?" என்றாள். நான் எங்கே கிளம்புவது. இது என் வீடு.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய விஷயம் என்றார். அதற்கு மேலும் போனது. அவர் மேல் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை.

ஆனால் செடிகள் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்காத விஷயம். என் பெயர் வாயில் வராது. ஆனால் பால்கனியில் இருந்த ஒவ்வொரு செடிக்கும், என் நாக்குக்குள் நுழையாத அந்த நீளமான பெயரைத் தடுமாறாமல் சொல்வாள். மாதக் கூட்டத்துக்கு நூலகத்தின் பின்னறைக்கு வந்து உட்கார்ந்தால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும். பூத்த செடிகளை வரிசையாக மேசையில் வைப்பீர்களே, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, எதற்குத் தண்ணீர் அதிகம், எதற்கு வெளிச்சம் போதவில்லை என்று சொல்வாள். தன் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக் காய்ந்த இலைகளைக் கத்தரிப்பாள். உங்கள் தலைவர், அந்தப் பல் டாக்டர், கைகட்டிக்கொண்டு கேட்பார். மீசை என்று நீங்கள் கூப்பிடுகிறவர் சொல்கிற ஜோக்குக்கு அவள் வாய்விட்டுச் சிரிப்பாள்.

மீசை பஸ் ஓட்டியவர் என்பதால் வாயும் பஸ் மாதிரிதான், நிறுத்தம் வந்தால்தான் நிற்கும். என்னைக் கண்டால், "என்னண்ணே, இன்னிக்கும் மூஞ்சியப் பட்டறையிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்பார். "நம்ம சங்கத்துல பூக்காத ஒரே செடி அண்ணன்தான்" என்பார். நான் கதவோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்பேன். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை.

புதிதாகச் சேர்ந்த அந்தப் பள்ளிக்கூட டீச்சர் ஒருநாள் என்னைக் காட்டி அவளிடம் கேட்டார், "இவரு உங்க வீட்டுக்காரருங்களா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். "இல்லைங்க. என்னைய வண்டியில கூட்டிட்டு வருவாரு. நல்ல மனுஷர்" என்றாள்.

மீசைதான் சமாளித்தார். "அப்ப நம்ம டிரைவர் இனம். அண்ணே, யூனியன்ல சந்தா கட்டிடுங்க." எல்லாரும் சிரித்தீர்கள். தப்பாகச் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் 'நல்ல மனுஷர்' என்றாளே, அதுதான் எனக்கு ஆகவில்லை. மோசமான ஆள் என்று சொல்லியிருந்தால், ஏதோ கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

அதன் பிறகு நீங்கள் ஒரு யோசனை சொன்னீர்கள். "அப்பா, வாரத்துல ரெண்டு நாள் அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேனே. செடிங்களோட இருந்தா அவங்களுக்கு நல்லாருக்கு. நீங்களும் கொஞ்சம் ஓய்வா இருங்க." நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், நம்புகிறேன். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. மிச்சம் இருப்பதையும் எங்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள் என்று கேட்டது. முழுதாக இருந்தபோது நான் கட்டிக்கொண்டு வந்த பெண். அவளுக்குள் இன்னும் எரிகிற அந்த ஒரு மூலை, நான் இல்லாத மூலை. அதில் நீங்கள் எல்லாரும் குளிர்காய்ந்துகொண்டிருந்தீர்கள்.

பால்கனியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு செடியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். இலையில் வளையம் வளையமாகக் கறுப்பு. பல் டாக்டர் வீட்டுக்கு வந்தபோது பார்த்துவிட்டுக் கையைக்கூட வைக்கவில்லை. வைரஸ் என்றார். மருந்து கிடையாது. இதை வெட்டிய கத்தி அடுத்த செடியைத் தொட்டால் அதற்கும் வரும், எரித்துவிடுங்கள் என்றார். அவளுக்கு மனம் வரவில்லை. "தனியா இருந்துட்டுப் போகட்டும், பாவம்" என்றாள். நானும் அதை எரிக்கவில்லை. அவள் சொல்லைத் தட்டக்கூடாது என்றுதான் விட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

தொட்டி மாற்றும் நாள் வந்தது. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மரப்பட்டையை மொத்தமாக வாங்கி, எல்லாரும் எல்லாச் செடிகளையும் கொண்டுவந்து, நூலகத்துக் கொல்லையில் வேரைப் பிரித்து வெட்டிப் புதுத் தொட்டியில் வைப்பீர்கள். சொந்தக் கத்தி கூடாது. சங்கத்துக் கத்திகள் மட்டும்தான், ஒரு செடியை வெட்டியதும் நெருப்பில் காட்டித் தண்ணீரில் நனைத்த பிறகே அடுத்த செடி. அந்த நெருப்புக்கு ஒரே ஆள் பொறுப்பு. மூன்றாம் வருஷமாக அது நான். பட்டறையில் இருந்தவருக்கு நெருப்பு பழக்கம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கதவோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்கிற இரக்கம். அது எனக்குத் தெரியும்.

ஸ்பிரிட் விளக்கின் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா இல்லையா என்று விளக்கின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். என் மேசையை வெயில் நேராக விழுகிற இடத்தில் போட்டுக்கொண்டேன். எல்லாரும் பார்க்கத் தீக்குச்சி கிழித்தேன். காலி விளக்கின் திரியில் வைத்தேன்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த செடிகளுக்கு நடுவே அந்தக் கறுப்பு வளையச் செடியும் இருந்தது. நோய் இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டதால் மற்றச் செடிகளைப் போலத்தான் தெரிந்தது. முதலில் அதை நானே வெட்டினேன், எல்லாக் கத்தியாலும். பிறகு கத்திகளை உங்கள் கைகளுக்குக் கொடுத்தேன். அன்று முழுக்கக் கத்திகள் என்னிடம் வந்தன, ஒன்றுமில்லாத காற்றில் காட்டினேன், தண்ணீரில் நனைத்தேன், துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் மாட்டியிருப்பேன். பழுக்கக் காய்ந்த கத்தியைத் தண்ணீரில் விட்டால் 'சுர்' என்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை. மீசை தன் பஸ் கண்டக்டரைப் பற்றிய பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் மட்டும் கையிலிருந்த வேரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சத்தம் வரலையே" என்றாள். இன்னொரு முறையும் சொன்னாள். "தண்ணியில சத்தம் வரலையே."

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. நீங்கள்தான் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டு, "எல்லாம் சரியாத்தாம்மா நடக்குது, நீங்க உக்காருங்க" என்றீர்கள். குற்றம் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மழை முடிந்த பிறகு இலைகளில் வளையங்கள் வந்தன. முதலில் டீச்சர் வீட்டில், பிறகு மீசை வீட்டில், பிறகு உங்கள் மாடியில். பூத்தவையும் நிறம் திட்டுத்திட்டாகக் கலைந்து பூத்தன. பல் டாக்டர் என்னைத் தேடி வந்தார். இதே நாற்காலியில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார், "நெருப்பு... சரியா இருந்துச்சுல்ல?"

இருந்தது என்றேன். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் எதிராளி நம் வாயையே பார்ப்பான், அது பட்டறையில் படித்தது. பிறகுதான் சொன்னேன். "அவ கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு எல்லார் செடியிலயும் இலை கத்தரிப்பாளே டாக்டர். வீட்டுல அந்த நோய்ச் செடியையும் அதாலதான் கத்தரிப்பா. நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். அவளுக்கு நிக்குமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அம்மாகிட்ட இதச் சொல்லிடாதீங்க" என்றார். அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டார். உங்களில் ஒருவர்கூட அவளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை வருஷமாக வளர்த்ததெல்லாம் போயும் பேசவில்லை. நான் அதை எதிர்பார்க்கவில்லை. நாலு பேர் முகத்தைத் திருப்புவார்கள், அவளே அங்கே போக மாட்டேன் என்பாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எங்கள் வீட்டுச் செடிகளையும் சேர்த்து எல்லாவற்றையும் நூலகத்துக் கொல்லையில் டிரம் வைத்து எரித்தோம். நெருப்பு வைத்தது நான்தான், அன்றைக்கு உண்மையாகவே வைத்தேன். அவள் என் பக்கத்தில் நின்று, "யார் செடிங்க இதெல்லாம்? பாவம்" என்றாள். நான் அவள் காதோரம் குனிந்து, "உன்னோடதுதான். எல்லார் செடியும் உன் கத்தரிக்கோலாலதான் செத்துச்சு" என்றேன்.

அப்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், மருந்துக்கடைக்காரம்மா. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறதி வந்த நாளிலிருந்து நானாகப் பிடித்தால்கூட மெல்ல உருவிக்கொள்கிற கை. முகத்தை என் தோளில் புதைத்து அழுதாள். வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் காலையில் எல்லாம் மறந்துவிட்டது. குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள், வெறும் கம்பித்தட்டைப் பார்த்தாள், என்னிடம் வந்து "என் செடியெல்லாம் எங்கங்க?" என்றாள். கண்காட்சிக்குப் போயிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். நன்மைக்குத்தான் சொன்னேன். அவள் சந்தோஷமாக வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை வண்டிக்குக் காத்திருந்தாள். நான் பக்கத்தில் வந்து நின்றதையும் போனதையும் கவனிக்கவே இல்லை.

அடுத்த நாள் உண்மையைச் சொன்னேன். அதாவது, உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்த உண்மையை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் கேட்கிறாள், தினமும் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் அவளுக்கு அது புதுச் செய்தி. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். "எல்லார் செடியுமா? அந்தச் சிரிக்க வைக்கிறவரோடதும்?" என்பாள். ஆமாம் என்பேன். பிறகு என்னிடம் ஒட்டிக்கொள்வாள். மதியம்வரை கை என் கையில்தான் இருக்கும். நான் தலையைத் தடவிக் கொடுப்பேன், பரவாயில்லை, நான் இருக்கிறேன் என்று சொல்வேன். அந்த நேரத்தில் எங்களைப் பார்க்கிறவர்கள் நல்ல புருஷன் பெண்டாட்டி என்றுதான் சொல்வார்கள்.

சாப்பாடு இறங்கவில்லை, நீங்களே பார்த்தீர்கள். மணிக்கட்டு குச்சியாகிவிட்டது. மனதில் ஏதோ துக்கம் இருக்கிறது, என்ன என்று கேளுங்கள் என்று அவளைப் பார்க்கிற டாக்டர் சொன்னார். என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். சொன்னால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். சொல்லாவிட்டால் நான் யாரோ ஆகிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தானே நான் எடுக்க முடியும்.

சங்கம் மறுபடி தொடங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். விதையிலிருந்து வந்த சுத்தமான செடி என்று இதைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அவள் எழுந்ததும் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. பல் டாக்டரிடமும் மீசையிடமும் சொல்லுங்கள், போலீசுக்கும் சொல்லுங்கள், செடிக்காக அவர்கள் என்ன எழுதிக்கொள்வார்கள் என்று பார்ப்போம். நீங்கள் சொல்வதைக் கேட்டு அவள் சிரிப்பாள். இந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த நீளமான பெயரைச் சொல்வாள். நீங்கள் மாடிப்படி இறங்குவதற்குள் அதெல்லாம் போய்விடும். நாளைக்குக் காலையில் அவள் கேட்கும்போது பக்கத்தில் இருக்கப்போவது நான்தான்.

அழாதீர்கள். நான் அவளை ஒரு அடி அடித்ததில்லை.

"யாராவது இருக்கீங்களா? ஏங்க... இந்த வீட்டுல யாராவது இருக்கீங்களா?"

கேட்டீர்களா. எழுந்துவிட்டாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள்.