சரணத்தில் காணாமற்போகும் மஹதி

“பல்லவி வரைக்கும் இருக்கா. அனுபல்லவியையும் பாடிடறா. சரணம் எடுத்தாளோ இல்லையோ, ஆளைக் காணோம். சத்தமும் போயிடறது, மூஞ்சியும் போயிடறது. இது மெஷின் பண்ற வேலையா, மனுஷா பண்ற வேலையா... நீயே சொல்லும்மா” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

நீயே சொல் என்றாளே தவிர, சொல்வதற்கு இடம் கொடுக்கவில்லை. தியாகராய நகரில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடையிலிருந்து வந்திருந்த ஃபிர்தௌஸ் தோள்பையை இறக்கி வைக்கக்கூட நேரம் வாய்க்காமல் நின்றுகொண்டிருந்தாள். மயிலாப்பூரில் அந்த இரண்டாம் மாடிக் கூடத்தில், பாயின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த சங்கீத ஆசிரியையின் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஒரு நீல மலையும், அதன்மேல் நான்கைந்து சின்னச் சின்னப் படங்களும் தவிர வேறொன்றுமில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே இடத்தில், மெல்பர்னில் இருக்கும் பதினோரு வயது மஹதி தோடி பாடிக்கொண்டிருந்தாளாம்.

ஆறு வாரமாக இதே கதை என்று ஸ்ரீரஞ்சனி விவரித்தாள். அவளிடம் கணினி வழியாகப் பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்கள் எட்டுப் பேர். துபாயில் ஒருத்தி, அடையாற்றில் இருவர், மற்றவர்கள் எங்கெங்கோ. மறைந்தால் தேவலை என்று நினைக்கும்படி பாடுகிறவர்கள்கூட முழு ஒரு மணி நேரமும் அசையாமல் திரையில் உட்கார்ந்திருந்தார்கள். மஹதி ஒருத்திதான் மறைந்தாள். அதுவும் சரணத்தில், கடினமான சங்கதி வரும் இடத்தில். ஆகவே குழந்தைதான் பாடப் பயந்து இணைப்பைத் துண்டிக்கிறாள். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை.

போன வாரம் நேராகவே கேட்டுவிட்டாள். குழந்தை இல்லை என்றது. அம்மாக்காரி சிந்து அன்று மாலையே எழுதி அனுப்பினாள்: நாங்கள் ஒன்றும் துண்டிக்கவில்லை, நீங்கள் இங்கே நன்றாகத் தெரிகிறீர்கள், நீங்களே மூடியைச் சாத்துகிற வரைக்கும் தெரிகிறீர்கள் என்று. எதிரே ஆளே இல்லாத பெட்டியை மூடாமல் தீபாராதனையா காட்டுவார்கள்? ஒவ்வொரு தடவையும் கோபத்தில் மூடியைச் சாத்தியது உண்மைதான். அதற்காக, தெரிகிறீர்கள் என்று எழுத்தில் பொய் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று ஸ்ரீரஞ்சனி வியந்தாள். இன்று ஃபிர்தௌஸ் வருவதாக இருந்ததால் மட்டும் மூடியைச் சாத்தவில்லை. குற்றம் நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாதல்லவா.

ஃபிர்தௌஸ் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

“இன்டர்நெட்காரனா? ரெண்டு தடவை பொட்டியையே மாத்திட்டான், பாவம். அவன்மேல தப்பில்லை. அப்புறம்... எங்க அக்கா பிள்ளை ஒருத்தன் இருக்கான், சாய்சரண். தரமணியில வேலை. அவன்தான் இதை வாங்கிக் குடுத்தான். வாங்கிக் குடுத்ததோட நிறுத்திக்கப்படாதோ? சித்தி, மவுஸே வேண்டாம், விரலாலயே எல்லாம் பண்ணிடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து பாடம் எடுத்தான்.”

அந்தப் பாடத்தை அவள் மிகுந்த வெறுப்போடு நினைவுகூர்ந்தாள். விசைகளுக்குக் கீழே வழவழவென்று ஒரு சதுரம் இருக்கிறதே, அதுதான் டச்பேட் என்று ஆரம்பித்தானாம். ஒரு விரலால் தொட்டால் ஒன்று, இரண்டு விரலால் தள்ளினால் இன்னொன்று. மூன்று விரலை மேலே கீழே இழுத்தால் என்னவோ. நான்கு விரலைப் பக்கவாட்டில் வீசினால் வேறென்னவோ. பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் திறமையை வர்ணிக்கும்போது தலையாட்டுகிற அதே விதமாக ஸ்ரீரஞ்சனி தலையாட்டியிருக்கிறாள். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. ஒரு விரலால் வகுப்பைத் திறப்பாள், அவ்வளவுதான். வளர்ந்த மனுஷி ஒரு சதுரத்துக்குக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

மஹதி மறைந்த நாட்களில் எல்லாம் சாய்சரண்தான் சாயங்காலம் வந்து, எதையோ தடவிச் சரிசெய்துவிட்டுப் போனான். ஐந்தாவது தடவை, நீங்கள்தான் எதையோ தொட்டுவிடுகிறீர்கள் சித்தி என்று சொல்லிவிட்டான். அன்றோடு அவனுக்கு இந்த வீட்டில் காப்பி நின்றது. அதனால்தான் வெளியாளை வரவழைக்கும்படி ஆயிற்று.

ஃபிர்தௌஸ் பையை இறக்கிவைத்துவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஸ்ரீரஞ்சனி சிந்துவின் பக்கம் திரும்பினாள்.

“அந்த அம்மா இருக்காளே, அவ குழந்தைக்குப் பக்கத்துலயே ஒட்டிண்டு உட்காருவா. உட்காரட்டும். கூடவே முனகுவா. ஸ்ருதிக்கு ஒரு நூல் கீழே... எப்பவும் ஒரு நூல் கீழே. அந்த முனகல்ல குழந்தையோட காந்தாரம் கெட்டுப்போறது. தோடிக்குக் காந்தாரம் போச்சுன்னா என்ன மிச்சம்? மாவு இல்லாத தோசை. இதை மூஞ்சிக்கு நேரே எப்படிச் சொல்றது? ஆசையா முனகறா.”

பிறகு முடிவைச் சொன்னாள். திங்கட்கிழமை மெல்பர்னுக்கு எழுதப் போகிறாள்: இனி வகுப்பு கிடையாது. அந்த நேரத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறது. கடிதத்தை மனத்துக்குள் எழுதிக்கூட ஆகிவிட்டது, நான்கே வரி. மெஷின்மேல் குற்றம் உண்டா இல்லையா என்று மட்டும் ஃபிர்தௌஸ் சொல்லிவிட்டால் போதும். இல்லையென்றால் கடிதம் போய்விடும்.

இதைச் சொன்ன பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

“உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, நீ மூணாம் மனுஷி. இருபத்தெட்டு வருஷமா சொல்லித் தரேன். இந்த மாதிரிக் குரல் எனக்கு வரலை. ஒண்ணுகூட வரலை. அவகிட்ட ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னா மறுநாளே கமகம் கெட்டுடும். இப்படி ஒரு குரலை வெச்சுண்டு ஓடி ஒளியறாளேன்னுதான்... எரிச்சல், வேறென்ன.”

ஃபிர்தௌஸ் அன்று முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள். எந்த இடத்தில் மறைகிறதோ அதைப் பாடிக் காட்டச் சொன்னாள். துபாய்ப் பெண் பாடும்போது தாளம் எப்படிப் போடுவீர்கள் என்று முதலில் காட்டும்படியும் கேட்டுக்கொண்டாள்.

ரிப்பேருக்கு வந்தவளுக்குத் தாளத்தோடு என்ன வேலை என்று முணுமுணுத்தபடி, ஸ்ரீரஞ்சனி பாயின் விளிம்பில் இரண்டு விரலால் லேசாகத் தட்டிக் காட்டினாள். அந்தப் பாட்டுக்கெல்லாம் அது போதும் என்றும் விளக்கினாள்.

பிறகு மஹதி பாடுவதுபோலவே சரணத்தை எடுத்தாள். இரண்டாவது வரியில் கண்ணை மூடிக்கொண்டாள். வலக்கை பாயை விட்டு எழுந்து, முப்பது நாற்பது வருஷமாகத் தாளம் போட்டுப் பழகிய வலது தொடையைத் தேடிப் போயிற்று. தொடைமேல் லேப்டாப் இருந்தது. தட்டு விழுந்தபோது மூன்று விரல் அந்த வழவழப்பான சதுரத்தில் பதிந்து தன் பக்கமாக இறங்கின. வீச்சு வந்தபோது நான்கு விரலும் அதன் குறுக்கே வலப்புறமாக வழுக்கின. தட்டும் வீச்சும் மறுபடி. ஃபிர்தௌஸ் திரையைப் பார்க்கவேயில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்த ஸ்ரீரஞ்சனி, அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். தன் கை எங்கே கிடக்கிறதென்று பார்த்தாள். துபாய்ப் பெண்ணுக்கு அவள் கை பாயை விட்டு எழுந்ததே கிடையாது.

ஃபிர்தௌஸ் மூன்று விரலைச் சதுரத்தில் வைத்து மேல்நோக்கித் தள்ளினாள். எங்கிருந்தோ சத்தம் வந்தது. உள்ளங்கை தொடையில் விழும் சத்தம், சீராக, காலப்பிரமாணம் ஒரு மயிரிழை பிசகாமல். அடுத்து நான்கு விரலை இடப்புறமாக வீசினாள். நீல மலை ஒதுங்கியது. அதற்குப் பக்கத்திலேயே, அத்தனை நேரமும் திறந்தபடி, மெல்பர்ன் இருந்தது.

மஹதி நிமிர்ந்து உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் சிந்து மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தாள். இணைப்பைத் துண்டிக்க ஒரு விநாடி போதும். ஆறு வாரமாக எந்தக் குற்றம் தலையில் சுமத்தப்பட்டிருந்ததோ, அதை இன்றைக்கும் செய்ய அவர்கள் இருவரும் தயாராக இல்லை.

ஃபிர்தௌஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவு ஓசையில்லாமல் சாத்தப்பட்டது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. ஸ்ரீரஞ்சனி திரும்பிப் பார்க்கவில்லை.

“மாமி, நான் கட் பண்ணலை” என்றாள் மஹதி.

“தெரியும்.”

ஸ்ரீரஞ்சனி லேப்டாப்பை மடியிலிருந்து தூக்கி, எதிரே பாட்டுப் புத்தகங்களின் அடுக்கின்மேல் வைத்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். திங்கட்கிழமை எழுத வேண்டியிருந்த நான்கு வரிகள் இனி எழுதப்படப் போவதில்லை என்பதை யாருக்கும் அறிவிக்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

“குரல் அது இதுன்னு என்னவோ உன் காதுல விழுந்திருக்கும். அது மெஷின் கோளாறு. மனசுல வெச்சுக்காதே.”

“சரி மாமி.”

சிந்து தொண்டையைச் செருமினாள். “என்னைப் பத்திச் சொன்னது, மாமி?”

ஸ்ரீரஞ்சனி ஒரு கணம் யோசித்தாள்.

“அது கோளாறு இல்லை” என்றாள்.

சிந்து எழுந்து, நாற்காலியையும் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். மஹதி அந்த ஓசை அடங்கும்வரை காத்திருந்து, சரணத்தை எடுத்தாள்.