நாய்த் தலைக்கு விற்ற லாரி

— அதெல்லாம் முடியாதுடா பாயுவோ. நாய்க்கறி பங்கு போட்டா நாய்த் தலை எப்பவும் எங்க ஃப்ராஃப்ரா இனத்துக்குத்தான். உங்க தகாரா கூட்டத்துக்கு வால் போதும். அடிமைக்கு எதுக்குடா தலை?

— உன் மூஞ்சியைப் பார்த்தாலே ஒரு நாய்த் தலை கிடைச்ச மாதிரிதான் இருக்கு அயம்கா.

— ஹா! அப்படி வா வழிக்கு. வந்ததுலேருந்து உம்முன்னு உக்காந்திருந்தே, பயந்தே போனேன். இந்தா, பிட்டோ குடி, நல்ல சோளக் கள்ளு.

— வேணாம்.

— நாம கேலி முறைக்காரங்கடா; உன் இனமும் என் இனமும் திட்டிக்கலாம், கோபிச்சுக்கக் கூடாது, நீட்டினா வேணாம்னு சொல்லக் கூடாது.

— உன் விஷயத்துல நான் எதைத்தான் வேணாம்னு சொல்லியிருக்கேன்?

— சரி, நீயே வந்தது நல்லதாப் போச்சு. ஆள் அனுப்பணும்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை அப்பாவோட கடைசிச் சடங்கு.

— தெரியும். அதுக்குத்தான் கிளம்பினேன். மூட்டையைப் பாரு. உங்க அப்பா மாதிரி வேஷம் போடக் கிழிஞ்ச கோட்டு, உடைஞ்ச சுரைக்குடுக்கை, எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன்.

— ஆஹா! அவர் முக்காலியில உக்காரு. கஞ்சப் பயலே, கோழித் திருடான்னு ஊரே கேக்கத் திட்டு. நீ திட்டினாத்தான் கிழவர் போய்ச் சேருவார். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? மனசு இளகி அழுது தொலைச்சுடாதே.

— அழுதா?

— கேலி முறைக்காரன் நிஜமா அழுதா முறை அத்தோட அறுந்துச்சுடா. எங்க தாத்தா காலத்துல ஒருத்தன் அழுதானாம். அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் இன்னைக்கு வரைக்கும் 'வாங்க, போங்க'ன்னுதான் பேசிக்கிறாங்க. பார்க்கவே சகிக்காது.

— ம்.

— என்ன ம்?

— என் லாரி எங்கே, அயம்கா?

— பாரேன், லாரிக்கு வந்துட்டான்! எங்கே போகும்? தேமா துறைமுகத்துல நிக்குது. நான்தான் போன்ல சொன்னேனே.

— ஓடலையா?

— எப்படிடா ஓடும்? பொறு பொறு. உங்க புர்க்கினா, சுத்தியிருக்கிற நாடுங்களோட கூட்டமைப்பை விட்டு வெளியே போயிடுச்சு. நானா போகச் சொன்னேன்? உள்ளே இருந்தவரைக்கும் ஒரே இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினா எல்லா நாட்டு எல்லையிலயும் கம்பைத் தூக்கினான். ஊர்ச் சரக்குக்குச் சுங்கம் கிடையாது. இப்ப உன் நம்பர் பிளேட் அந்நியன் பிளேட். கானாவுக்குள்ள அதோட வந்தா லாரியைப் பிடுங்கிக்குவான். அதனாலதானே அதை என் பேருக்கு மாத்தினோம்? இப்ப கானா பிளேட்டோட உங்க பக்கம் விடமாட்டான், அதான் நிக்குது. நாடுங்க உக்காந்து புது ஒப்பந்தம் பேசி முடிக்கட்டும். மறுநாளே உன் பேருக்கு.

— ஒரு நாய்த் தலைக்கு வித்தேன்.

— ஹா ஹா! "என்ன விலை?"ன்னு பேர் மாத்துற ஆபீஸ்காரன் கேட்டான். நீ மூஞ்சியை வெச்சுக்கிட்டு "ஒரு நாய்த் தலை"ன்னே. அங்க இருந்தவன் எல்லாம் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டேதான் சீல் குத்தினான்.

— நானும்தான் சிரிச்சேன். இன்னைக்கு எதுல வந்தேன்னு நீ கேக்கவே இல்லையே.

— பஸ்லதானே?

— எங்க ஊர்க் கூபாவோட லாரில. வெங்காய லோடு. புர்க்கினா பிளேட். அதே பழைய அட்டை.

— சரி...

— இங்க பாகா எல்லை கேட்டுல உங்க போலீஸ்காரன் அட்டையை வாங்கிப் பார்த்தான். ஒரு கொட்டாவி விட்டான். கம்பைத் தூக்கினான். அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும்தான் அயம்கா, எனக்கு உறைச்சுது. கூபாகிட்ட கேட்டேன், எப்பலேருந்து விடுறாங்கன்னு. பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "எப்ப நிறுத்தினாங்க? பேசி முடிக்கிற வரைக்கும் எல்லாம் பழையபடிதான்னு அன்னைக்கே ரேடியோல சொன்னானே"ன்னான்.

— பொறு பொறு. ரேடியோ ஆயிரம் சொல்லும்டா. கேட்டுல நிக்கிறவன்...

— நான் ரேடியோ கேக்கலை. நீ சொன்னதைக் கேட்டேன். லாரியை உன்கிட்ட விட்டுட்டு எங்க ஊர் டானோவுல போய்ச் சோளக்காட்டுல குனிஞ்சவன்தான். ரோட்டுப் பக்கமே வரலை.

— ஆரம்பத்துல நிஜமாவே யாருக்கும் ஒண்ணும் புரியலை பாயுவோ. ஒருத்தன் வரி உண்டுங்கிறான், ஒருத்தன் இல்லைங்கிறான். அன்னைக்கு நான் சொன்னது பொய் இல்லே.

— அன்னைக்கு இல்லே. அப்புறம்? லாரி தேமாவுல இல்லே. எல்லைக்கு அந்தப் பக்கம், நஹூரி மலை தெரியிற வளைவுல எனக்கு எதிர்ல வந்துச்சு. மேல சிமெண்டு. எங்க நாட்டுக்குத்தான் போகுது.

— நூறு லாரி அப்படி இருக்கும்.

— இடது கதவு நசுங்கினது ஒண்ணுதான் இருக்கும். நெத்தியில 'அம்மா தந்தது'ன்னு எழுதியிருந்தேனே, அதை அழிச்சிருக்கே. ஆடு, பன்னி எல்லாத்தையும் வித்துக் கொடுத்தவ அவ. இப்ப மஞ்சள் பெயிண்டுல 'பொறுமை'ன்னு இருக்கு. நல்ல எழுத்து. யார் எழுதினது?

— சொல்லட்டுமா? சொன்னா தாங்குவியா? உங்க நாடு வெளியே போன அன்னைக்கு உங்க தலைநகர் வாகடூகுவுல ஹாரன் அடிச்சு ஊர்வலம் போனீங்களே. போனை ஜன்னலுக்கு வெளியே பிடிச்சு எனக்குக் கேக்க வெச்சியே, "கேளுடா அயம்கா, கேளு"ன்னு. அந்தச் சத்தத்துலதான் என் பொழப்பு செத்துச்சு. என்ன வரி வருமோன்னு பயந்து உங்க வியாபாரிங்க பக்கத்து நாட்டு லோமே துறைமுகம் வழியா சரக்கை எடுத்தாங்க. சுங்கத்துல பேப்பர் போட ஒருத்தன்கூட என் வாசலுக்கு வரலை. யாருடா முதல்ல யாரை விட்டுட்டுப் போனது?

— எல்லாரும் அடிச்சாங்க, நானும் அடிச்சேன். உன்னை விட்டுப் போறேன்னு தோணலை. நாடுதானே போகுதுன்னு நெனச்சேன்.

— நெனச்சியாம்! பிள்ளைங்களுக்கு என்னத்தைப் போடுவேன் நான்? கையில இருந்தது உன் லாரி ஒண்ணுதான்.

— கேட்டிருந்தா ஓட்டிக்கோன்னு சொல்லியிருப்பேன். கேட்டிருந்தா போதும், அயம்கா.

— அப்ப போய் ஊர்த் தலைவர்கிட்ட சொல்லு. போ.

— அங்க போயிட்டுத்தான் வர்றேன். "கேலி முறைக்காரன் உன் லாரியைத் தூக்கிட்டானா? நாய்த் தலைக்கா?"ன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். முறை இருக்கிற வரைக்கும் உங்களுக்குள்ள வழக்கு கிடையாது, கோபப்படவும் கூடாது, போய்ப் பிட்டோ குடிங்கடான்னார்.

— பார்த்தியா? அவரே சொல்லிட்டார். அடிமையோட லாரி எஜமான்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். லோடுக்கு லோடு உனக்கும் ஏதாச்சும் கொடுத்துடறேன். சிரிடா. என்னடா அப்படிப் பார்க்கிறே? திருட்டு நாயேன்னு திட்டு. என் அப்பனையும் சேர்த்துத் திட்டு. நீ திட்டிட்டா எனக்கு லேசா இருக்கும். மூட்டையை ஏன் அவிழ்க்கிறே? கோட்டை ஏன்டா கீழே வைக்கிறே? வெள்ளிக்கிழமைக்கு வேணுமே!

— இங்கேயே இருக்கட்டும்.

— பாயுவோ, என் மேல இருக்கிறதை அப்பா மேல காட்டாதேடா. உன் வாயால திட்டு வாங்கிட்டுத்தான் போவேன்னு சொல்லிட்டே கண்ணை மூடினவர்டா அவர். வருவேல்ல? ஏதாவது பேசுடா. வெள்ளிக்கிழமை வருவேல்ல?

— வர்றேங்க, ஐயா. உங்க அப்பா ரொம்ப நல்லவருங்க. ஒரு ஓரமா உக்காந்து, அவருக்காக அழுதுட்டுப் போறேங்க.