ஏழாம் படத்தில் இருக்கும் பொத்தான்

கையில் மணியும் கண்ணில் கடிகாரமுமாய், அவை நடுவே அமர்ந்து என்னைக் காவல் காத்துக்கொண்டிருக்கும் வோபர்ன் முத்தமிழ் மன்றத் தலைவர் ராகுலன் அவர்களே! முன்வரிசையை முற்றாக நிரப்பி, முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் வீற்றிருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளின் நடன உடுப்புக்கு ஊசி குத்தியபடியே எனக்கும் ஒரு காதைத் தந்திருக்கும் தாய்மார்களே! பிக்கரிங்கிலிருந்தும் ஸ்ரௌவ்வில்லிலிருந்தும் வந்து, வாகனம் விட இடமின்றி இந்த மண்டபத்தை மூன்றுமுறை வலம்வந்த பெருமக்களே! பின்வரிசையில் கைத்தொலைபேசிக்குத் தலைவணங்கி அமர்ந்திருக்கும் இளையோரே! கொத்துரொட்டியின் தாளத்தை என் பேச்சு முடியும்வரை நிறுத்திவைத்திருக்கும் சமையற்கட்டு நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் மன்றத்தின் இலக்கியச் செயலாளன் தியாகலிங்கத்தின் தாழ்மையான வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. தரப்பட்ட நேரம் பதினைந்து நிமிடம். தலைப்பை நான் சற்றே மாற்றிக்கொண்டேன். நேரத்தை மாற்றத் தலைவர் சம்மதிக்கவில்லை. ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், கசினோவில் இருக்கும் சூதாட்ட மெசினுக்குக் காப்புரிமை கிடைக்குமா, கிடைக்காதா என்பது.

சிரிக்கிறீர்கள். நல்லது. இன்னும் பத்து நிமிடத்துக்கு அந்தச் சிரிப்பைக் கவனமாக வைத்திருங்கள்.

காப்புரிமை என்றால் என்ன? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரைக் கேளாமல், குறித்த காலம்வரை வேறெவரும் அதைச் செய்யக்கூடாது என்று அரசு எழுதிக்கொடுப்பது. அதை எதற்குக் கொடுப்பார்கள்? செய்த பொருளுக்குக் கொடுப்பார்கள், செய்யும் முறைக்குக் கொடுப்பார்கள். வெறும் எண்ணத்துக்குக் கொடுப்பார்களா? மாட்டார்கள். விளையாட்டின் விதிக்குக் கொடுப்பார்களா? அதற்கும் மாட்டார்கள்.

இந்த மண்டபத்தில் முந்நூற்றிநாலு விளையாடத் தெரியாதவர் யார்? கையை உயர்த்துங்கள். ஒருவர்தான். ஐயா, தெரியாது என்றா உயர்த்தினீர்கள், தேநீர் கேட்டா? தேநீருக்கு. சரி. அந்தச் சீட்டாட்டத்தில், துரும்பு கேட்பதற்கு நீங்கள் ஒரு புது விதி கண்டுபிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காப்புரிமை உண்டா? இல்லை. அந்த விதியைக் கணினியில் ஏற்றினால் உண்டா? கணினி பழைய கணினி, விதி வெறும் விதி, அப்போதும் இல்லை. சரி, கணினியை ஆளுயரப் பெட்டிக்குள் அடைத்து, மின்னும் விளக்கும் மிரட்டும் ஓசையும் சேர்த்து, முன்னால் ஒரு மெத்தைக் கதிரையும் போட்டால்? அங்கேதான் அன்பர்களே, சட்டம் படித்தவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றத்தில் இந்தக் கேள்விக்கு ஆறு நீதிபதிகள் இருந்து, மூவர் ஒருபக்கமும் மூவர் மறுபக்கமுமாய்ப் பிரிந்துபோனார்கள். நம்முடைய நிர்வாகசபைக் கூட்டத்திலும் அதுதான் வழக்கம். அவர்களுக்குச் சம்பளம் உண்டு.

இந்தக் கேள்வி ஏன் எனக்கு வந்தது? அதோ, நான்காம் வரிசையில், தன்னை நான் சுட்டிக்காட்டக்கூடாது என்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாரே, தம்பி இரத்தினவேல், அவரால் வந்தது. நகரத்துக்குக் கிழக்கே ஒரு கசினோவில் மெசின் திருத்துவது அவர் தொழில். விளையாடமாட்டார். திருத்துவார். பக்கத்தில் அவர் மனைவி பாலேஸ்வரி. தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் மின்சுற்றுப் பலகை பூட்டியவர்.

இருவரும் சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் எழும்பாமல் மணிக்கணக்கில் விளையாடிக்கொண்டிருந்தால் மெசின் என்ன செய்கிறது? திரையில் ஓர் எச்சரிக்கை போடுகிறது. யார் வாசிக்கிறார்? யாரும் வாசிப்பதில்லை. இவர்களுடைய மெசினில் எழுத்து வராது. அமுக்குகிற பொத்தான் பாரமாகும். பொத்தானுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங், அதை இறுக்க ஒரு சின்ன மோட்டர், விரலின் வேகத்தை அளக்க ஒரு கருவி. இடைவிடாமல் அமுக்க அமுக்க, அது மெல்ல மெல்ல இறுகும். கடைசியில் கை களைத்து, ஆள் எழும்புவார்.

என்ன ரஸாக் நானா, கையைக் காட்டுகிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். “ஹராமான மெசினுக்கு உரிமை என்னத்துக்கு?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நானா, இருக்கிற மெசினை ஆளை எழுந்து போகவிடுகிற மெசினாக மாற்றத்தான் இவர்கள் பாடுபட்டார்கள். உரிமை கையில் இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு கம்பனி அதே ஸ்பிரிங்கை எடுத்து, அமுக்க அமுக்க இலேசாகும்படி திருப்பிப் போடும். “அப்பிடிச் செய்யாதை” என்று சொல்ல இவர்களுக்கு வாய் வேண்டாமா? அந்த வாய்க்குப் பெயர்தான் காப்புரிமை. தலையாட்டுகிறார். நானா தலையாட்டினால் பாதி மண்டபம் ஒத்துக்கொண்ட மாதிரி.

சரி, விண்ணப்பத்தை எழுத வேண்டும். தம்பி இரத்தினவேல் யாரிடம் வந்தார்? சட்டம் தெரிந்தவரிடம் போனாரா? இல்லை. நம் வழக்கப்படி, மன்றத்தில் நன்றாக எழுதுகிறவர் யார் என்று பார்த்து என்னிடம் வந்தார். திருமணத்துக்கு வாழ்த்துமடல் எழுதுகிறவர், மரணத்துக்குக் கல்வெட்டுப் பா எழுதுகிறவர், காப்புரிமைக்கு எழுதமாட்டாரா? எழுதினேன். முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினேன். ‘ஆசையெனும் ஆழியில் அல்லாடும் மானுடத்துக்கு ஆறுதல் அளிக்கும் அருங்கரை’ என்று தொடங்கினேன். அதை ஆங்கிலத்தில் எழுதினேன் என்பதைக் கவனியுங்கள். அங்கும் நான் மோனையை விடவில்லை.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். ‘விண்ணப்பத்தில் விரித்துரைக்கப்பட்டிருப்பது மனித நடத்தை பற்றிய ஓர் எண்ணமும், விளையாட்டை நிறுத்துவதற்கான ஒரு விதியும் ஆகும். மெசின் வழமையான மெசின்.’ அந்தப் பரிசோதகர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாற்பது ஆண்டு எழுத்து வாழ்க்கையில் என்னை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்த ஒரே மனிதர் அவர்தான். வாசித்துவிட்டு நிராகரித்தார்.

தலைவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும். இன்னும் அடிக்கவில்லை.

அதன் பிறகுதான் நாங்கள் மூவரும் அட்சயாவிடம் போனோம். இங்கே பிறந்து வளர்ந்து, காப்புரிமை முகவராகத் தொழில் செய்கிற பிள்ளை. முப்பத்தெட்டுப் பக்கத்தையும் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அங்கிள், தேர்ட்டி எய்ட் பேஜஸ் இருக்கு. பட்டன் எங்க?”

“ஒன்றரை வரி இருக்குது பிள்ளை. இருபத்தேழாம் பக்கத்தில.”

“சீரியஸ்லி, அங்கிள்? பட்டன்தானே இன்வென்ஷன்!”

ஸ்பிரிங்கும் மோட்டரும் பொருள். ‘களைத்தவர் எழும்பவேண்டும்’ என்பது எண்ணம். நான் எண்ணத்துக்கு முப்பத்தெட்டுப் பக்கம் பாமாலை சூட்டி, பொருளுக்கு ஒன்றரை வரி போட்டிருந்தேன். இப்போது சேர்க்கலாமா என்றால், முடியாது. தாக்கல் செய்த நாளில் தாளில் இல்லாத எதையும் பிறகு நுழைக்கக்கூடாது. அதுதான் சட்டம். கணவன் மனைவி இருவரின் மூன்று வருட உழைப்பு அந்த மேசையில் கிடந்தது. நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கடைசித் தாளைப் புரட்டிய அட்சயா, “ஹோல்ட் ஓன்” என்றாள். ஏழாம் படம். பென்சிலால் கீறியது. பொத்தான், ஸ்பிரிங், மோட்டர், விரலை அளக்கும் கருவி, எல்லாம் அளவோடு, அம்புக்குறியோடு. படமும் விண்ணப்பம்தான். படத்தில் இருந்தால் தாளில் இருந்ததாகத்தான் கணக்கு. அதை யார் வைத்தது?

பாலேஸ்வரி சொன்னார்: “அண்ணை எழுதினதில எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. அதுதான் எதுக்கும் கிடக்கட்டும் எண்டு கீறி வைச்சனான்.”

கைதட்டுங்கள். என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத் தட்டுங்கள்.

வருகிற புதன்கிழமை விசாரணை. அட்சயா ஒன்று கேட்டாள். “இது பேப்பர்ல மட்டும் இருக்கிற ஐடியா இல்லை எண்டு காட்டினா கேஸ் ஸ்ட்ரோங். கண்டுபிடிச்ச ஆக்கள் சொன்னாக் காணாது. வேற ஆரும் அந்த மெசினில இருந்தவையோ? அவை ஒரு சத்தியக்கடதாசி தரவேணும், பெயரோட. ஆனா ஃபைல் பப்ளிக். ஆரும் எடுத்து வாசிக்கலாம்.”

இரத்தினவேல் யோசிக்கவே இல்லை. “ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. நாங்கள் ரெண்டு பேரும்தான் அமுக்கிப் பாத்தது” என்றார்.

அது பொய். அந்தப் பொய்யால் தன் கண்டுபிடிப்பே போய்விடக்கூடும் என்று தெரிந்துகொண்டு அவர் சொன்ன பொய். அந்த மெசினில் இருந்த ஆள் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அந்த ஆள் இப்போது உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சிரிப்பு நின்றுவிட்டது. பரவாயில்லை.

வியாழக்கிழமை தோறும் நான் பிக்கரிங் இலக்கிய வட்டத்துக்குப் போய்வந்தது உங்களுக்குத் தெரியும். நம் ஆண்டறிக்கையில் அந்த வட்டத்துக்கு இரண்டு முறை பாராட்டுத் தெரிவித்திருக்கிறோம். உங்களில் மூவர் என்னிடம் உறுப்புரிமைப் படிவம் கேட்டீர்கள், இடமில்லை என்றேன். அன்பர்களே, அந்த வட்டத்தில் இருந்த ஒரே உறுப்பினர் நான்தான். வட்டம் கூடியது கசினோவில். நான்கு ஆண்டுகள் கூடியது. எவ்வளவு போயிற்று என்பது எனக்கும் என் மனைவிக்கும் இடையிலான பேச்சு, இங்கே வேண்டாம்.

கையில் திருத்துகருவியோடு இரத்தினவேல் என்னை எத்தனை முறை கண்டிருப்பார்? ஒவ்வொரு வியாழனும் கண்டார். அடுத்த சனிக்கிழமை மன்றத்தில் “வணக்கம் அண்ணை” என்பார். வேறொரு சொல் சொன்னதில்லை, வேறொருவரிடம் சொன்னதுமில்லை. பிறகு ஒருநாள் ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நிலவறையில் ஒரு மெசின். காசு போடத் தேவையில்லை. “சும்மா ஒருக்கா இருந்து பாருங்கோ அண்ணை” என்றார். இருந்தேன். இருந்தால் எனக்கு எழும்பத் தெரியாது. அதுதான் என் வியாதி. ஒரு மணி நேரம் போனது. பொத்தான் இறுகியது. இரண்டு விரலால் அமுக்கினேன். உள்ளங்கையால் அமுக்கினேன். தோள் வலித்தது. நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக, இன்னும் அமுக்கவேண்டும் என்ற ஆசை இருக்கும்போதே நான் எழுந்து நின்றேன்.

தேநீர் கொண்டுவந்த பாலேஸ்வரி சொன்னார்: “உங்கட கையின்ர பலத்துக்கு அளந்துதான் அண்ணை அந்த ஸ்பிரிங் போட்டனாங்கள்.”

எனக்காகவே செய்திருக்கிறார்கள். எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அந்த வெட்கத்தோடு வீட்டுக்குப் போய் விண்ணப்பம் எழுதினேன். இப்போது விளங்குகிறதா, பொத்தானுக்கு ஏன் ஒன்றரை வரி என்று? அலங்கார ஆசையால் நான் பொத்தானை மறந்தேன் என்றுதான் இதுவரை எல்லோரும் நினைத்தார்கள். மறக்கவில்லை. பொத்தானைப் பற்றி எழுதினால் அதை அமுக்கிய கையைப் பற்றியும் எழுதவேண்டும். அந்தக் கையை ஒளிக்கத்தான் ஆழியையும் அருங்கரையையும் அள்ளிக் கொட்டினேன். எனக்கு எழுந்து நிற்கக் கற்றுத்தந்தவர்களின் பொருளை, என் மானத்தைக் காக்க நான் ஒளித்தேன்.

மூன்று நாளைக்கு முன் என் மனைவி மங்களராணியிடம் எல்லாம் சொன்னேன். அழுதார். பிறகு கேட்டார், “சத்தியக்கடதாசியில ஒப்பம் வைக்கப் போறியளே?” “ஓம்” என்றேன். “அப்ப ஆரோ இன்ரநெற்றில வாசிச்சு எனக்கு வந்து சொல்லுறதுக்கு முன்னம், நீங்களே சொல்லுங்கோ. எல்லாத்தையும் மைக்கில கதைக்கிறியள்தானே. உதையும் மைக்கில சொல்லிப்போட்டு வீட்டை வாங்கோ.”

சொல்லிவிட்டேன்.

இன்று காலை ஒப்பம் வைத்தேன். அட்சயா என்னை எழுதவிடவில்லை; நான் சொல்ல அவள் எழுதினாள். அதை அப்படியே வாசிக்கிறேன். இதில் மோனை இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

“என் பெயர் தியாகலிங்கம். எனக்கு வயது அறுபத்தேழு. நான் நான்கு வருடம் சூதாட்ட மெசினில் விளையாடினேன். நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. ஏழாம் படத்தில் இருக்கும் பொத்தானை நான் என் கையால் அமுக்கினேன். அது பாரமானது. என் கை வலித்தது. நான் எழுந்து வீட்டுக்குப் போனேன். இது சத்தியம்.”

எழுபது மேடைகளில் பேசியிருக்கிறேன். என்னுடைய சொல் ஒன்று ஒருவருக்குப் பயன்படப்போவது இதுதான் முதல் தடவை. இந்த நேரத்தைத் தந்த தலைவருக்கும், எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும், இவ்வளவுக்கும் பிறகும் முன்வரிசையில் தனக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருக்கும் மங்களராணிக்கும் நன்றி கூறி, அந்த இடத்தில் போய் அமர்கிறேன். வணக்கம்.