அரை வேகம்

காற்றடைத்த சின்னப் படகுக்குப் பெட்ரோல் மோட்டார் நல்லதா, பேட்டரி மோட்டார் நல்லதா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு கேள்விதான் கேட்பேன். எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறீர்கள்? ஏரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரி வாங்கலாம். சத்தமில்லை, புகையில்லை, எண்ணெய் நாற்றமில்லை. கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டியதில்லை. மழைக்காலத்தில் செம்பூரில் கட்டடங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போது, கீழ்வீட்டு வயசாளிகளை ஏற்றிக் கொண்டுவர அதைவிடத் தோதான சாமான் கிடையாது.

குறை என்று பார்த்தால் இரண்டு. ஓடுகிற தண்ணீரை எதிர்த்து ஏறத் திணறும். அப்புறம், பேட்டரி தீரும்போது பெட்ரோல் இஞ்சின் மாதிரி இருமிக் காட்டாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும். ஆனால் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் வருகிற பேட்டரி, அரை வேகத்தில் நாலு மணி நேரம்கூட வரும். இது தெரிந்தவன் எப்படியும் ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கிவிடுவான்.

சாகேப், தமிழிலேயே எழுதிக்கொடு, மராத்தியில் மாற்ற ஆள் இருக்கிறது என்றீர்கள். அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

என் கடை தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டில். மோட்டார் வைண்டிங். மிக்ஸி, பம்பு, டேபிள் ஃபேன் என்று வருவதை எல்லாம் பார்ப்பேன். பதினோரு வருடத்துக்கு முன் ஒருநாள் அனந்தகிருஷ்ணன் சார் ஒரு படகு மோட்டாரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மாட்டுங்காக்காரர். விருப்ப ஓய்வு வாங்கியவர். கழிமுகத்தில் பூநாரை பார்க்கப் படகு வைத்திருந்தார். பறவை கலையாமல் இருக்கப் பேட்டரி மோட்டார். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிச் செம்புக் கம்பிச் சுற்று கருகியிருந்தது.

"எந்தக் கடையிலயும் இதைத் தொட மாட்டேங்கறா. நீ பாரேன்" என்றார்.

சுற்றிக் கொடுத்தேன். கூடவே தண்ணீர் புகாமல் இருக்கத் தண்டுக்கு நானே யோசித்து ஒரு சீல் செய்து போட்டேன். அடுத்த வருடம் வந்து, "ஒரு சொட்டு உள்ளே போகலைப்பா" என்றார். அன்றைக்கே என்னைக் கிங்ஸ் சர்க்கிளுக்குக் கூட்டிப்போனார். காபி ஆறிப்போகிற வரைக்கும் பேசினோம். "இதை நாமே பண்ணலாம் பாண்டி" என்றார். நாமே என்ற சொல்லை அவர்தான் முதலில் சொன்னார். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்தேன், அவர் விற்றார். சேறும் பிளாஸ்டிக்கும் சுற்றிக்கொள்ளாத விசிறிக்காக மட்டும் இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு தடவை சோதனையில் பேட்டரி தீப்பிடித்து என் இடது கை வெந்துபோனது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் சார் என் பக்கத்திலேயே இருந்தார். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார். என் தகப்பனார் அப்படிச் செய்ததில்லை. சார் அந்த நாலு நாள் வராமல் இருந்திருந்தால், பின்னால் நடந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

போன டிசம்பரில் புனேவில் ஒரு கம்பெனி எங்கள் மோட்டாரைப் பெரிய அளவில் செய்ய முன்வந்தது. சார் கொடுத்துவிட்டுப்போன காகிதக் கட்டு கடையில் கிடந்தது. எனக்கு இங்கிலீஷ் ஓடாது. என் மகள் ஸ்ரீதேவி புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, டிசைன் ரெஜிஸ்டர் பண்ணியிருக்காங்க. சார் பேரும் அவர் மகன் பேரும் இருக்கு. ஒங்க பேரு இல்லியே" என்றாள். அவர் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அந்த மோட்டாரைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

மறுநாள் கேட்டேன். சார் கோபப்படவில்லை. தோளில் கை போட்டார்.

"அதெல்லாம் ஃபார்மாலிட்டிப்பா. உன் பேரைப் போட்டா அட்ரஸ் கேப்பா. தாராவின்னு பார்த்தா கம்பெனிக்காரா தயங்குவா. நான் உன்னை விட்டுடுவேனா?"

"சரிங்க சார்" என்றேன்.

அப்புறம் மூன்று மாதம் நாங்கள் எப்போதும்போலத்தான் இருந்தோம். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள், ஒரு கடுஞ்சொல் கிடையாது.

கம்பெனி ஆளுக்கு மோட்டாரைத் தண்ணீரில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று வந்தபோது, ட்ராம்பே பக்கம் படகு அணைகிற ஜெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான். நாளும் நான்தான் சொன்னேன். அமாவாசைக்கு மறுநாள், மதியம் மூன்று மணி. அப்போது கழிமுகத்துத் தண்ணீர் கடலை நோக்கி வடிகிற வேகம் அதிகம். புதுப் பேட்டரிக்குப் பதிலாக, ஈ-ரிக்‌ஷாவில் ஓடிக் களைத்த பழைய செல்களை அதே பெட்டிக்குள் வைத்து மூடினேன். பேட்டரி நிறைந்திருக்கிற மாதிரி எப்போதும் நாலு கோடு காட்டும்படி மீட்டர் ஒயரை மாற்றினேன். மோட்டார் பாதியில் நிற்க வேண்டும், சார் கம்பெனிக்காரன் முன்னால் என்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

கம்பெனியிலிருந்து வந்தவர் பெயர் முகேஷ். இருபத்தேழு வயது இருக்கும். பெயரைப் பார்த்து ஹிந்திக்காரர் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, எங்கப்பாவுக்குச் சங்கரன்கோவில். நான் கல்யாண்ல பொறந்தவன். பேசுவேன், படிக்கத்தான் வராது" என்றார். மோட்டாரைக் கவிழ்த்துத் தண்டைத் தடவிப் பார்த்தார். "யே சீல் கிஸ்னே பனாயா? யாரு செஞ்சது?"

"நம்ம டிசைன்தான்" என்றார் சார்.

முகேஷ் என்னைப் பார்த்தார். "கையால யாரு செஞ்சா? நீங்களா அண்ணாச்சி?"

"ஆமா தம்பி" என்றேன். பதினோரு வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். படகு இன்னும் கரையில்தான் இருந்தது. ஏதாவது சாக்குச் சொல்லிப் பேட்டரியை மாற்ற ஐந்து நிமிடம் போதும். மாற்றவில்லை.

சார் துடுப்புகளை எடுத்து உள்ளே வைக்கப் போனார். "துடுப்பு கெடந்தா நம்ம மோட்டார் மேல நமக்கே நம்பிக்கை இல்லன்னு நெனப்பாங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே வெளியே வைத்துவிட்டார். லைஃப் ஜாக்கெட் இரண்டில் ஒன்றுக்குக் கொக்கி உடைந்திருந்தது. அதைச் சாருக்குக் கொடுத்தேன். நல்லதை முகேஷுக்கு நானே இழுத்துக் கட்டினேன். அவர் விஷயத்தில் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

இருவரும் வடிகிற தண்ணீரோடு போனார்கள். போகும்போது பறந்தது படகு. திரும்பும்போது நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. என் போன் அடித்தது.

"பாண்டி, மீட்டர்ல நாலு கோடு காட்டறது, ஆனா முன்னால போக மாட்டேங்கறதே. தண்ணி இழுத்துண்டு போறது. என்ன பண்ணட்டும்?"

பின்னால் முகேஷின் குரல் கேட்டது. "சைடுல போலாம் சார். அங்க மரம் தெரியுது, சேத்துல ஏத்திடலாம்."

"இரு, பாண்டியைக் கேட்டுடறேன்" என்றார் சார்.

முகேஷ் சொன்னதுதான் சரி. இருநூறு மீட்டரில் அலையாத்திக் காடு. அரை வேகத்தில் குறுக்கே போயிருந்தால் அந்தப் பழைய பேட்டரியே கொண்டு சேர்த்திருக்கும்.

"வேண்டாம் சார்" என்றேன். "முழு வேகத்துல வைங்க. நேரா ஜெட்டியப் பாத்து வாங்க."

"சரிப்பா. நீ சொன்னா சரி."

எட்டு நிமிடம் தாங்கியது. அதன் பிறகு நாலு முறை போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களிடம் மீன்பிடிப் படகு இருந்தது. அவர்களையும் நான் கூப்பிடவில்லை.

கடல் வாயில் மீன்வலைக்காக நட்ட கம்பங்களில் மோதிப் படகு கிழிந்தது. சார் ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிழைத்தார். முகேஷை மறுநாள் மதியம் வலையிலிருந்து எடுத்தார்கள். படகில் ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டார்கள் போலிருக்கிறது. சாரைத் தூக்கும்போது நல்லது அவர் உடம்பில் இருந்தது.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பேட்டரிப் பெட்டி சேற்றோடு போய்விட்டது. இன்றைக்குக் காலை சாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பாண்டி, நீ எங்கேயும் வாயைத் திறக்காதே. போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். டிசைன் என் பேர்ல இருக்கு, மோட்டார்ல குறைன்னா நான்தான் பொறுப்பு. பாண்டி வெறும் ரிப்பேர் மிஸ்திரி, அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். கேஸ் வந்தா என்னோட போகட்டும்."

என்னைக் காப்பாற்றுகிறாராம். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் அவர் செய்தது எனக்கு உறைத்தது. பஸ் வந்தது, ஏறவில்லை. நடந்தே இங்கே வந்தேன்.

நேற்று விசாரிக்க என்னை வரச்சொன்னபோது, முகேஷின் அப்பா இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவருக்காக வந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியே எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. செல்களை மாற்றியது நான், மீட்டரைக் கெடுத்தது நான், போனில் முழு வேகம் என்று சொன்னது நான். முகேஷைக் கொன்றது நான். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உங்கள் ஃபைலில் மோட்டார் பழுதாகி நின்றது என்று இருக்கிறது. அந்த மோட்டாரில் ஒரு பழுதும் கிடையாது. அதற்கு மேலே, மோட்டாரைச் செய்தவர் என்ற இடத்தில் அனந்தகிருஷ்ணன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத் திருத்துங்கள்.