ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து படிப்பித்த சீலா ரீச்சருக்கு

துறைமுகத்து உப்புக்காற்றும் வெண்கட்டித் தூசும் ஒருங்கே தாங்கி, இருபத்துமூன்று ஆண்டுகள் எம் வித்தியாலயத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பித்து, இன்று அறுபதாம் அகவையில் ஓய்வு பெறும் திருமதி சீலா பாக்கியரத்தினம் அவர்களே! அறிவும் அஞ்சாமையும் அன்போடு அமையப்பெற்ற ஆசிரியப் பெருந்தகையே! எம் நன்றியையும், அதனினும் மிகுந்த ஏக்கத்தையும் ஏற்றுக்கொள்க!

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். தாங்கள் வருமுன், பருவமடைதல் பற்றிய ஏழாம் அத்தியாயத்தை இங்கு எவரும் கற்பித்ததில்லை. “வீட்டில் வாசியுங்கள்” என்று சொல்லித் தப்பினோம். அது போதாதென்று, புத்தகம் கொடுக்கும்போதே அந்தப் பக்கங்களுக்கு ஸ்டேப்ளர் அடித்தும் கொடுத்தோம். பண்பாட்டைக் காத்துவிட்டோம் என்ற நினைப்பு! பிள்ளைகளோ கம்பியைக் கழற்றி அதை மட்டுமே வாசித்தார்கள்; விளங்காததைக் கேட்கத்தான் ஆளில்லை. தாங்களோ மாணவர்களை மைதானத்துக்கு அனுப்பாமல், மாணவிகளோடு ஒன்றாய் இருத்தி, எதையும் அதனதன் பெயர் சொல்லியே படிப்பித்தீர்கள். நாங்கள்தான் ஓய்வறையில் தலை குனிந்திருந்தோம்.

மருந்து உறையை வாசிக்கவும் பழக்கினீர்கள். காய்ச்சல் விட்டதும் மிச்சக் குளிசையை அலுமாரியில் வைத்துவிட்டுக் கடலுக்குப் புறப்பட்ட தந்தையை, எட்டாம் வகுப்பு அப்ராஸ் மறித்தானாம். “வாப்பா, டொக்டர் அஞ்சு நாள் எண்டு எழுதியிருக்காரு. இன்னும் ரெண்டு நாள் கிடக்கு.” மறுவாரம் அந்தத் தந்தை பள்ளிக்கு வந்தபோது, சண்டைக்குத்தான் என்று நடுங்கினோம். அவர் தங்களுக்கு நன்றி சொல்லி, ஒரு பாரை மீனையும் தந்துபோனார்.

பெருந்தகையே! தங்கள் இடத்துக்கு இன்னும் எவரும் நியமிக்கப்படவில்லை. அடுத்த செவ்வாய், நான்காம் பாடவேளையில் தங்கள் சுகாதார வகுப்புக்கு யார் போவது என்பதே ஒரு மாதமாய் எம் கவலை. தாங்கள் லீவு எடுத்த நாட்களில், கேள்வியோடு ஓய்வறைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதுண்டு. இன்னும் ஒரு தவணையாவது இருங்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வருகிறது; ஆனால் அறுபதுக்கு மேல் இருக்கச் சுற்றறிக்கை இடம் கொடுக்காதே!

நேற்று, பத்தாம் வகுப்பு சுதர்ஷிகா கணித ஆசிரியர் ஸெய்னுதீனிடம் கேட்டாள்: “ரீச்சர் போனா நாங்கள் ஆரிட்டக் கேக்கிறது, சேர்?” எம்மில் கூச்சம் மிகக் கூடியவர் அவர். கதிரையை விட்டெழுந்தார், வியர்த்தார். “என்னட்டக் கேளுங்க மகள். தெரியாட்டிப் படிச்சிட்டு வந்து சொல்லுவன்” என்றார்.

நோயற்ற வாழ்வும் நூறாண்டு ஆயுளும் பெற்று, கணவரோடும் பேரப்பிள்ளைகளோடும் இனிது வாழ்க! செவ்வாய்களில் எம் நினைவு வந்தால் ஒரு நடை வந்து பாருங்கள். ஸெய்னுதீன் சேரின் வகுப்பில், கடைசி வாங்கில் பிள்ளைகளோடு நாங்களும் உட்கார்ந்திருப்போம். தங்களிடம் கேட்க வெட்கப்பட்டு, இருபத்துமூன்று ஆண்டுகள் கேளாமலே விட்ட கேள்விகள் எங்களுக்கும் உண்டு.

தங்களைப் பிரிய மனமில்லாத,
ஆசிரியர் குழாம்,
திருகோணமலை