மூணாம் லெவல்

"ஹலோ... ஆங், ஈவ்லின்தான், சொல்லுங்க பிரதாப்ண்ணா... பட்டறையிலேர்ந்தா?... இன்னா?... யாருக்கு?... மெஷின்ல நிக்கற லதாவுக்கா..."

பங்காருபேட்டையில் ஒரு வார்ப்புப் பட்டறைக்கு அச்சு வரைந்து கொடுப்பவள் ஈவ்லின். காய்ச்சலென்று, சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் வீட்டில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கை மட்டும் போர்வையை மடித்துக்கொண்டிருந்தது.

"கையா, மூஞ்சியா?... கண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?... கோலாருக்கு இட்டும்போயிட்டாங்களா... சரி... சரி... அச்சு விரிசல் உட்டு, உள்ள ஓடற தண்ணி உருகுன அலுமினியத்துல பட்டுடுச்சா... ம். பட்டா வெடிக்கத்தான் செய்யும்...

புது அச்சாச்சே... கொர்னேலியஸண்ணன் மேலயா பழி?... முதலாளி வீட்டுக்கு அனுப்பறேன்றாரா... இருங்க, இருங்க. தண்ணி ஓட்டை எங்க போட்டாராம்?... மூணாம் லெவல்லயா? நான் சொன்னதும் அதானே... மேலேர்ந்து எண்ணியா?"

மூன்று கோடு வரைந்து கொடுத்து, மூன்றாவதில் போடச் சொல்லிப் போனில் சொன்னவள் அவள். அச்சின் அடியில், உலோகம் படும் முகத்திலிருந்து எண்ணினாள்; எங்கிருந்து என்பதைச் சொல்லவில்லை. அச்சில் ஓட்டை போடும் கொர்னேலியஸ் இளவயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்; அவருக்கோ லெவல் என்றாலே மேலிருந்து கீழேதான். தள்ளி இருக்கவேண்டிய ஓட்டை, பாவம், முகத்தை ஒட்டி வந்துவிட்டது.

"ஆமாண்ணா, ஆமா, கிட்ட இருந்தா சாமான் சீக்கிரம் ஆறும்... ஆனா இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் பச்சத்தண்ணி, நடுவுல தம்மாத்தூண்டு இரும்பு. காயும், குளுரும், காயும், குளுரும்... எத்தினி நாள் தாங்கும்?... இல்லண்ணா, அவர் தப்பு இல்ல. என் பேரச் சொல்லுங்க... போனா போவட்டும் வேலை...

அண்ணா, அந்த ரெண்டாவது அச்சு?... அதுவும் அவர் போட்ட ஓட்டைதானே... ஓடுதா இப்ப?... யாரு, எட்மண்டா அதுல நிக்கறான்?... ஆர்டர் கெடக்கட்டும், நிறுத்துங்க... முதலாளிய இன்னாத்துக்குக் கேக்கணும்? போன வெக்காதீங்க, கையிலயே எடுத்துக்கினு ஓடுங்க..."

காலடிச் சத்தம். பிறகு மெஷின் இரைச்சல் காதை அடைத்தது.

"எட்மண்டு! ஊத்தாதடா!... கேக்கலியா அவனுக்கு... கையப் புடிச்சி இழுங்கண்ணா..."

இரைச்சல் நின்றது.

"ம்... நின்னுச்சா... ம்... நல்லாருக்கானா... சரி. கொர்னேலியஸண்ணன் அங்க இருக்காரா?... குடுங்க...

அண்ணா, நான்தான்... அழாதீங்க... அண்ணா, கேளுங்க... நீங்க சரியாத்தான் எண்ணுனீங்க."

லைன் அறுந்துவிட்டது.