அப்பாவா, ஆடா?

ஐயாமாரே, அம்மாமாரே... நான் இந்த சென்மம், மறுசென்மம்னு பேசிக்கிட்டே போனா நீங்க கொட்டாவி விடுறீக. அதனால கையளவு கதை ஒண்ணு சொல்றேன், காதக் குடுங்க.

கண்மாய் ஒடைஞ்சு, தபாலாபீசுக்குள்ள கெளுத்தி மீனு பிடிச்சோமே... அந்த வருசம், மாசி மாசம். வெள்ளைக்கண்ணுன்னு ஒருத்தர். கறுப்பசாமிக்குக் கெடா வெட்ட நேந்திருந்தாரு. அவருக்கு ஒரே மக, ராக்காயி. அவளுக்குக் கீழத்தெரு அழகுமலையக் கட்டிக்க ஆசை. இவரு முடியாதுன்னுட்டாரு. ஏன்? இவரோட அப்பா சோணமுத்து சாகும்போது சொல்லிட்டுப் போயிட்டாரு, "அந்த வீட்ல மட்டும் சம்பந்தம் வச்சிராத"ன்னு. அவருக்கு என்ன கோவம்? ஏதோ ஒரு பந்தியில அழகுமலையோட அப்பன் சோணமுத்து எலைக்கு அப்பளம் வைக்காமத் தாண்டிப் போயிட்டானாம். அப்பளம் ஐயா... ஒரே ஒரு அப்பளம்.

சரி, கெடாவுக்கு வருவோம். சும்மா வெட்டிர முடியுமா? மஞ்சத்தண்ணி தெளிக்கணும். ஆடு ஒடம்பச் சிலுப்பணும். சிலுப்புனாத்தான் சாமி உத்தரவு. பூசாரி தெளிக்கிறாரு... ஆடு அசை போடுது. செம்போட ஊத்துறாரு... ஆடு அசை போடுது. கூட்டத்துல குசுகுசுன்னு பேச்சு. "வீட்ல ஏதோ பாவம் இருக்குப்பா. சாமி ஏத்துக்கல."

வெள்ளைக்கண்ணுக்கு மானம் போகுது. என்ன செஞ்சாரு? சட்டுன்னு ஒரு போடு போட்டாரு. "பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது எங்கப்பா. அவரு செத்த வாரம் பொறந்த குட்டி. அந்தப் பிடிவாதத்தப் பாத்தாலே தெரியலையா?" சொன்னதோட விட்டாரா? நெடுஞ்சாண்கிடையா ஆட்டுக் கால்ல விழுந்துட்டாரு. "அப்பா... பெரிய மனசு பண்ணி ஒரு சிலுப்பு சிலுப்புங்க."

ஆடு அவரு துண்டத் தின்னுச்சு.

இதப் பாத்துக்கிட்டே நின்னா ராக்காயி. மெல்ல வந்தா. ஆட்டுக் காதுகிட்டக் குனிஞ்சா. ஊருக்கே கேக்குற மாதிரி கேட்டா, "தாத்தா, நான் அழகுமலையக் கட்டிக்கிறேன். சம்மதமா?"

காதுக்குள்ள தண்ணி எறங்குச்சோ, தாத்தாவுக்கு மனசு எறங்குச்சோ... ஆடு தலையில இருந்து வால் வரைக்கும் சிலுப்புச்சு பாருங்க.

பூசாரி அருவாளத் தூக்கிட்டாரு. "உத்தரவு ஆயிருச்சு, தள்ளிக்க தாயி."

ராக்காயி நகரல. "தாத்தா கல்யாணத்துக்குத்தான் சரின்னாரு. கழுத்த வெட்டச் சொல்லல."

"ஏ கழுத, ஆட்டுக்கு என்னடி தெரியும்?"ங்கிறாரு வெள்ளைக்கண்ணு.

"இப்பத்தானப்பா கால்ல விழுந்தீக? ஆடுன்னா வெட்டுங்க. தாத்தான்னா கல்யாணத்த வைங்க. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

மச்சினன் ஓடியாந்து காதக் கடிக்கிறான், "மாமா, ஆடுன்னே சொல்லிருங்க. மசாலா அரைச்சாச்சு." அந்தப் பக்கம் ஒரு கெழவி, "அப்பனக் கொழம்பு வச்சவன்னு பேரு வாங்கப் போறியாடா?" பூசாரி, "சீக்கிரம் சொல்லுப்பா, கை கடுக்குது."

வெள்ளைக்கண்ணு ஆட்டப் பாத்தாரு. ஆடு அவரப் பாத்துச்சு. துண்டோட மிச்சம் வாயில தொங்குது... அப்படியே ஒக்காந்துட்டாரு. "கல்யாணத்த வைங்கப்பா. ஆடு சாமி ஆடா கோயில்லயே நிக்கட்டும்." அன்னைக்கு ஊருக்கே கறி இல்லாத மசாலாக் கொழம்பு.

இப்ப நான் ஒங்களக் கேக்குறேன். வினைங்கிறது என்ன? அடுத்த சென்மத்துல தேடி வரும்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கோம். அவருக்கு ஒரு நாழிகை தாங்குச்சா? மானத்துக்காக ஒரு சொல்லு விட்டாரு. அந்தச் சொல்லே திரும்பி வந்து சட்டையப் பிடிச்சிருச்சு. மறுபிறப்பு உண்டுன்னா முழுசா நம்பு. கும்பிடும்போது அப்பா, கொழம்புக்கு ஆடுன்னா... எந்தச் சாமி ஒத்துக்கும்?

முழுசா நம்புன வீடு ஒண்ணு நம்ம ஊர்ல இருக்கு. ஆட்டுக்கறி அந்த வாசலத் தாண்டாது. கேட்டா, "எங்கப்பாவும் போயிட்டாரு. எந்த ஆடு யாருன்னு நான் எதக் கண்டேன்?"ங்கிறா. அன்னைக்குக் கூடி நின்ன கூட்டத்துல, என்னை விட்டா, இன்னைக்கு உசுரோட இருக்கது அவ ஒருத்திதான்... ராக்காயி.